கையெழுத்துப் போட வா என்றார் அண்ணன், எவ்வளவு நிலம் என்று கேட்டேன். ஆறு வருஷமாகப் பேச்சில்லை

#1 குளித்தலைக்காரி

இரண்டு வருஷமாக இங்கே மாடித்தோட்டப் பகுதியை மட்டும் படித்துவிட்டுப் போகிறவள் நான். இதை எங்கே எழுதுவது என்று தெரியாமல் இங்கே எழுதுகிறேன், இடம் தவறென்றால் நெறியாளர் மாற்றிவிடலாம்.

வருகிற தையில் என் மகனுக்குக் கல்யாணம். பத்திரிகையில் தாய்மாமன் பெயர் போட வேண்டும், வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும். தாய்மாமனோ என்னோடு பேசி ஆறு வருஷம் ஆகிறது.

அப்பா 2018 மார்கழியில் போனார். மூன்று வருஷம் பக்கவாதத்தில் படுக்கை. அடுத்த ஆனியில் அண்ணன் போன் செய்தார். "வியாழக்கிழமை பத்து மணிக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ் வந்துடு, ஆதார் எடுத்துக்கோ, ஒரு கையெழுத்துதான்." நானும் போனேன். ஆபீசுக்கு எதிரே பத்திரம் எழுதும் கடையில் எல்லாம் தயாராக இருந்தது, விடுதலைப் பத்திரம். எந்தப் பிரதிபலனும் இல்லாமல் முழு மனதோடு என் பாத்தியதையை விட்டுக்கொடுப்பதாக எழுதியிருந்தார்கள். நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இதுல மொத்தம் எவ்வளவு நிலம் இருக்குண்ணா, அம்மாவுக்கு என்ன வெச்சிருக்கு?" கடையில் இருந்த ஐந்தாறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் பேனாவை மூடிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அவ்வளவுதான். அடுத்த தையில் என் மகளுக்குச் சடங்கு வைத்தபோது தாய்மாமன் சீர்த்தட்டு வரவில்லை. என் கணவரின் பங்காளி ஒருவர் மாலை போட்டார், அந்த போட்டோவை இன்னும் ஆல்பத்தில் ஒட்டவில்லை.

நான் பங்கு கேட்டுக்கூட இல்லை. எவ்வளவு என்றுதான் கேட்டேன். அது அவ்வளவு பெரிய தப்பா?

#2 கொங்குக்காற்று

சகோதரி, மனதைத் தொட்டுச் சொல்லுங்கள். உங்களுக்கு நிலம் வேண்டுமா, அண்ணன் வேண்டுமா? அதை முடிவு செய்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும்.

#3 குளித்தலைக்காரி

இரண்டும் வேண்டும்.

நிலம் வேண்டுமா தங்கச்சி வேண்டுமா என்று அண்ணனிடம் இதுவரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. எங்கள் ஊரில் பெரிய மனிதர்கள் இரண்டு பேர் சமாதானம் பேச வந்தார்கள், அவர்களும் என்னிடம்தான் இந்தக் கேள்வியைக் கேட்டார்கள்.

#4 பத்திரக்காரர்

அம்மா, நான் முப்பது வருஷமாகப் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன். வக்கீல் இல்லை, ஆகவே நான் எழுதுவதைக் காட்டிக் கோர்ட்டில் வாதாடாதீர்கள். நிலம் எவ்வளவு, பூர்வீகமா அப்பா வாங்கியதா, உயில் உண்டா, உங்களுக்கு எந்த வருஷம் கல்யாணம்? இந்த நான்கும் தெரிந்தால் கணக்கைச் சொல்லிவிடலாம்.

#5 குளித்தலைக்காரி

பூர்வீகம் ஒரு ஏக்கர் எண்பது சென்ட், வாழை. அப்பா 94-இல் கிரயம் வாங்கியது அறுபது சென்ட். ஓட்டு வீடும் மனையும் தனி. உயில் இல்லை. எனக்கு 1998-இல் கல்யாணம். நாங்கள் இரண்டே பிள்ளைகள். அம்மா அண்ணனிடம் இருக்கிறார்.

#6 பத்திரக்காரர்

சரி, காகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் மகளும் மகனைப் போலவே பிறப்பாலேயே பூர்வீகச் சொத்தில் பங்குதாரர். அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணம் ஆனவர்களுக்கு மட்டும் இல்லை என்று வைத்திருந்தார்கள். 2005 செப்டம்பர் 9 அன்று வந்த மத்தியச் சட்டத் திருத்தத்தில் அந்த விலக்கு கிடையாது. அன்றைக்கு அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்று பதினைந்து வருஷம் இழுத்தடித்துக் கடைசியில் 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தேவையில்லை என்றது. உங்களுக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை, 98 கல்யாணம் என்பதால் 89 சட்டத்திலேயே வந்துவிடுகிறீர்கள்.

பூர்வீகம் 180 சென்ட். அப்பா, அண்ணன், நீங்கள் மூன்று பங்கு, தலைக்கு 60. அப்பாவின் 60 அவருக்குப் பிறகு அம்மா, அண்ணன், நீங்கள் மூவருக்கும் 20 வீதம். ஆக உங்களுக்கு 80, அண்ணனுக்கு 80, அம்மாவுக்கு 20. அப்பா வாங்கிய 60 சென்டும் மூவருக்கும் 20 வீதம். மொத்தத்தில் உங்களுக்குச் சரியாக ஒரு ஏக்கர், அண்ணனுக்கு ஒரு ஏக்கர், அம்மாவுக்கு 40 சென்ட். வீட்டுக்கும் இதே மாதிரி.

இன்னொன்று. அப்பா சொந்தமாகச் சம்பாதித்ததில், உயில் இல்லாத பட்சத்தில், மகளுக்குச் சமபங்கு என்பது 89-இல் வந்ததல்ல, 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து இதைக் கேட்டு வாயடைத்துப் போனவர்கள் நிறையப் பேர். குடியிருக்கும் வீட்டை மட்டும், ஆண் வாரிசுகள் பிரிக்க முன்வரும்வரை பெண் பிரிக்கச் சொல்ல முடியாது என்று 23-ஆம் பிரிவு ஒன்று இருந்தது, அதையும் 2005-இல் எடுத்துவிட்டார்கள்.

நீங்கள் கேட்ட கேள்வியில் தப்பில்லை. கேட்ட இடம்தான் கொஞ்சம்... என் கடையிலும் பார்த்திருக்கிறேன். "முழு சம்மதத்துடன்" என்று நான் டைப் அடித்துக்கொண்டிருப்பேன், அந்தப் பெண் வெளியே திண்ணையில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருப்பாள், என்ன எழுதுகிறோம் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கூப்பிட்டால் வருவாள், பெருவிரலை வைப்பாள், போய்விடுவாள். அப்படி ஆயிரம் பேரைப் பார்த்துப் பழகிய கூட்டத்தில் ஒருத்தி எவ்வளவு என்று கேட்டால் அது சந்தேகப்பட்ட மாதிரிதான் காதில் விழும்.

#7 உசிலம்பட்டிக்காரன்

அண்ணன் தரப்பில் ஒருத்தனாவது எழுத வேண்டும் என்று எழுதுகிறேன், திட்டுவதென்றால் திட்டுங்கள்.

எனக்கு மூன்று தங்கைகள். அப்பா போகும்போது எனக்கு 22. 2001, 2004, 2008 மூன்று கல்யாணம். முதல் இரண்டுக்கு நிலத்தை வைத்து வாங்கினேன், மூன்றாவதுக்கு வட்டிக்காரனிடம். அதற்கப்புறம் தீபாவளி, பொங்கல், ஆடி, ஒவ்வொரு பிள்ளைக்கும் காதுகுத்து, கெடா, தங்கத்தோடு, மாமன் சீர் என்று லாரியில் ஏற்றி மேளம் வைத்துக் கொண்டுபோக வேண்டும், எங்கள் பக்கம் அதில் குறைத்தால் தங்கைக்குத்தான் புகுந்த வீட்டில் சொல். எனக்குக் கல்யாணம் ஆனபோது வயது 36. நான் டிகிரி இரண்டாம் வருஷத்தோடு நின்றவன், அது யாருக்கும் நினைவில்லை.

போன வருஷம் கடைசித் தங்கை வீட்டிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. ரிஜிஸ்டர் தபால். அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கி, பேங்கிலிருந்து வந்திருக்கும் என்று சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார், மூன்று நாள் கழித்துத்தான் எனக்குத் தெரியும். பங்கு கொடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை, சட்டம் எனக்கும் தெரியும். ஒரு போன் பண்ணி "அண்ணே, எனக்குத் தேவை இருக்கு" என்று கேட்டிருந்தால் என்ன? நோட்டீசில் என் பேருக்குப் பக்கத்தில் "எதிர்மனுதாரர்" என்று போட்டிருந்தது. அதைப் படித்துவிட்டு அன்றைக்குச் சாப்பிடவில்லை.

#8 மூணாவது மகள்

அண்ணே, திட்டவில்லை. ஒன்று கேட்கிறேன். அந்த லாரிச் சீர் வேண்டும் என்று உங்கள் தங்கைகள் கேட்டார்களா? என் அண்ணன் எனக்குச் செய்த பொங்கல் சீரில் இரண்டு பித்தளைப் பானை இன்னும் அட்டையைப் பிரிக்காமல் பரணில் இருக்கிறது. அதற்கு அவன் கடன் வாங்கினான் என்று பத்து வருஷம் கழித்து அவன் பெண்டாட்டி சண்டையில் சொல்லித்தான் தெரியும். வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தால் "தங்கச்சி கோபமா இருக்கா" என்று ஊர் பேசும். தர மாட்டேன் என்று அவன் சொல்லியிருந்தால் "கஞ்சன்" என்று பேசும். இரண்டு பேருமே ஊருக்குப் பயந்துகொண்டு பானை வாங்கியிருக்கிறோம்.

#9 உசிலம்பட்டிக்காரன்

கேட்கவில்லைதான். நானும் கேட்டுச் செய்யவில்லை.

#10 நியாயம்கேள்

சீர் வேண்டும், நகை வேண்டும், பஸ் இலவசம் வேண்டும், மாசம் ஆயிரம் வேண்டும், இப்போது நிலத்திலும் பாதி வேண்டும். ஆண்களுக்கு என்னதான் மிச்சம் வைப்பீர்கள்?

#11 மூணாவது மகள்

கொள்ளி வைக்கும் உரிமை, பத்திரிகையில் பெரிய எழுத்தில் பேர், முன் அறை ஃபேனுக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலி.

#12 நெறியாளர்

இதற்குப் பின் வந்த நான்கு பதிவுகளை நீக்கியிருக்கிறேன், இரண்டு பக்கத்திலும். இழை ஒரு குடும்பத்தின் விஷயமாகத் தொடங்கியது, அப்படியே போகட்டும்.

#13 தக்கலைக்காரன்

எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூர் பக்கம். அங்கே கிறிஸ்தவர்களுக்கு 1916-இல் ஒரு வாரிசுச் சட்டம் போட்டார்கள்: மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. 1986-இல் மேரி ராய் வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. அவரும் சகோதரனோடுதான் வழக்காடினார். சொந்தக் கூடப்பிறந்தவன் மேல் கேஸ் போட்டவள் என்ற பேரைச் சுமக்க யாராவது ஒருத்தி துணிந்தால்தான் மற்றவர்களுக்கு வழி திறக்கிறது.

#14 கொங்குக்காற்று

வழக்கு வேறு, குடும்பம் வேறு. வழக்கில் ஜெயித்தவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் யார் பந்தி பரிமாறினார்கள் என்று பாருங்கள்.

#15 வல்வையான்

வணக்கம். நான் வல்வெட்டித்துறை, இப்ப இருப்பது டொரோண்டோ. உங்களுடைய சண்டையை வாசிக்க எனக்குக் கொஞ்சம் விசித்திரமாக இருக்குது, ஏனென்றால் எங்கட ஊரில் இது தலைகீழ்.

யாழ்ப்பாணத்தில் வீடு மகளுக்குத்தான். 1707-இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) எழுதி வைத்த தேசவழமைச் சட்டத்தில் சொத்தை முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (கல்யாணத்துக்குப் பிறகு தேடினது) என்று பிரித்திருக்கினம். தாயின் சீதனம் மகள்மாருக்குப் போகும். சீதனம் வாங்கிக் கல்யாணம் கட்டின மகளுக்குப் பழைய வழமைப்படி தாய் தகப்பனின் மிச்சச் சொத்தில் உரிமை இல்லை. எங்கட மாமா ஜெர்மனியில் கோப்பை கழுவிக் கழுவி இரண்டு தங்கச்சிமாருக்கும் வீடு கட்டிக் கொடுத்துப் போட்டு 41 வயதில் கல்யாணம் கட்டினவர், இன்றைக்கும் வாடகை வீடு. கோபமா என்று கேட்டால் சிரிப்பார். ஆனால் ஊருக்குப் போனால் தங்கச்சி வீட்டில் தங்க மாட்டார், லொட்ஜில்தான் நிற்பார்.

பெண் பேரில் வீடு இருக்கிறதால் அவவுக்குப் பெரிய அதிகாரம் என்று நினைக்க வேண்டாம். அந்தக் காணியை விற்கிறதென்றால் புருஷனின் எழுத்துச் சம்மதம் வேணும், அதுவும் சட்டத்தில்தான் இருக்குது.

#16 மூணாவது மகள்

வல்வையான், உங்கள் மாமா லாட்ஜில் தங்குகிறார் என்பதைப் படித்துவிட்டு எழுந்து போய் என் அண்ணனுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. சும்மா சொல்கிறேன்.

என் அம்மா வீட்டில் நடந்ததையும் சொல்கிறேன். பெரியம்மாவுக்கு 1988-இல் கல்யாணம், அம்மாவுக்கு 91-இல். தாத்தா 2003-இல் பூர்வீகத்தைப் பிரித்துப் பத்திரம் போட்டபோது அம்மாவுக்கு உண்டு, பெரியம்மாவுக்கு இல்லை. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பெண்கள், மூன்று வருஷம் முன்னால் தாலி ஏறியதற்காக ஒருத்திக்கு ஒன்றுமில்லை. பிறகு சட்டம் மாறினாலும் 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பாகப்பிரிவினையைத் தொட முடியாதாம். 1929-லேயே செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சமமான சொத்துரிமை என்று தீர்மானம் போட்டார்கள், அது சட்டமாக அறுபது வருஷம். அப்படி வந்ததும் பெரியம்மாவை வாசலில் நிறுத்திவிட்டு வந்தது. பெரியம்மா கடைசிவரை அம்மாவிடம் அதைப் பற்றிப் பேசவே இல்லை, ஆனால் எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்.

#17 இரண்டாம் ஷிப்ட்

மூன்று நாளாக இந்த இழையைப் படிக்கிறேன், எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து இப்போது நைட் டியூட்டியில் எழுதுகிறேன். நான் நர்ஸ். இந்தக் கதையில் இதுவரை பேசாத ஆள் ஒருவர் உண்டு, அண்ணி. நான் ஒரு வீட்டில் அண்ணி.

என் நாத்தனார் போன வருஷம் பங்கு கேட்டபோது வீட்டில் அதிகமாகக் குதித்தது என் கணவர் இல்லை, நான்தான். "அவளுக்கு எதுக்கு, முப்பது பவுன் போட்டு அனுப்பியாச்சு" என்று நானே சொன்னேன். சொல்லிவிட்டு இரவில் படுத்தபிறகு எனக்கே உறைத்தது. 2009-இல் எங்கள் வீட்டில் எனக்கும் இதே மாதிரி ஒரு போன் வந்தது. போனேன், போட்டேன், வந்தேன். எங்கள் அண்ணன் ஒரு பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்தார். என் பிறந்த வீட்டில் நான் வாயைத் திறக்காமல் விட்டுக்கொடுத்ததால் இவளும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று எனக்குள் ஒரு கணக்கு. இவள் கேட்டு வாங்கிவிட்டால் நான் போட்ட கையெழுத்து முட்டாள்தனம் என்று ஆகிவிடுமே, அந்த எரிச்சல்.

இன்னொன்றும் உண்டு. மாமியார் படுத்த படுக்கையாக இருந்த இரண்டு வருஷம் ஷிப்ட் முடித்து வந்து அவருக்கு டயப்பர் மாற்றியது நான். புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்ததும் நான். ஊர் சொன்னது, "மகன் தங்கமா பார்த்துக்கிட்டான்". 2024-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் நாளுக்கு 289 நிமிஷம், ஆண்கள் 88 நிமிஷம் என்று வந்தது. எங்கள் வீட்டில் அந்த 88-உம் சந்தேகம்தான். அந்த இரண்டு வருஷ உழைப்பைக் காட்டித்தான் என் கணவர் தங்கையிடம் "நான் பார்த்தேன், அதனால் எனக்கு அதிகம்" என்கிறார். என் உழைப்பு, அவர் பேரில் வரவு.

குளித்தலை அக்கா, உங்கள் அப்பாவை மூன்று வருஷம் யார் பார்த்தது?

#18 குளித்தலைக்காரி

அண்ணி.

ஒரு நாள் முழுக்க இந்தப் பதிவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவை நான் மாதம் ஒருமுறை வந்து பார்ப்பேன், ஹார்லிக்ஸ் பாட்டில், ஆரஞ்சுப் பழம். ஒருமுறை மதியம் போனபோது அண்ணி தனியாக அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். அப்பா கூச்சத்தில் கண்ணை இறுக்கி மூடியிருந்தார். அண்ணி அவருடைய இடுப்பு வேட்டியை விலக்காமலே உள்ளே கைவிட்டுத் தேய்த்து, தண்ணீர் ஊற்றி, அதே வேட்டிக்கு மேலே காய்ந்த வேட்டியைச் சுற்றி ஈரத்தைக் கீழே உருவினார். எவ்வளவு நாள் பழகியிருந்தால் அப்படி ஒரு கை வரும். நான் ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டேன்.

இதை அண்ணியிடம் ஒருநாளும் சொன்னதில்லை. ஆறு வருஷமாக "அண்ணிதான் தூண்டிவிடுகிறாள்" என்றுதான் என் கணவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

#19 வேப்பமரத்தடி

எங்கள் வீட்டில் செய்ததைச் சொல்கிறேன், உங்களுக்கு ஒத்துவருமா தெரியாது. நாங்கள் இரண்டு அண்ணன் தம்பி, ஒரு அக்கா. வாய்ப்பேச்சில் ஆரம்பித்தால் பத்து நிமிஷத்தில் 1996-க்குப் போய்விடுவோம். ஆகவே பள்ளிக்கூட நோட்டு ஒன்று வாங்கி, நீ சொல்வதை நீ எழுது, அவர் சொல்வதை அவர் எழுதட்டும், எழுதும்போது யாரும் குறுக்கே பேசக் கூடாது என்று வைத்துக்கொண்டோம். சட்டப்படி யாருக்கு எவ்வளவு என்பது முதல் பக்கம், அதில் பேரம் கிடையாது. அதற்குப் பிறகுதான் மற்றது. அக்காவுக்குப் போட்ட நகை எத்தனை பவுன், அது யார் கையில் போனது. அப்பாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவு. யார் கல்லூரி போனார்கள், யார் போகவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்டது என்றால் ஆள் வைத்தால் மாதம் எவ்வளவு கேட்பார்களோ அவ்வளவு, செய்தவர் பேரில்.

ஒரு வெள்ளாடு யாருடையது என்பதில் மட்டும் ஒரு மணி நேரம் போனது, அந்த ஆடு செத்து இருபது வருஷம். கணக்கு ரூபாய்க்கு ரூபாய் நேராகவில்லை, அது ஆகவும் ஆகாது. ஆனால் அக்கா எழுதிய பக்கத்தில் "பத்தாவதில் 412 மார்க், மேலே படிக்க வைக்கவில்லை" என்று ஒரு வரி இருந்தது. அதற்கு எதிரே எழுத எங்களிடம் எதுவும் இல்லை. தம்பிதான் முதலில் நோட்டை மூடினான்.

#20 உசிலம்பட்டிக்காரன்

நோட்டு யோசனையை நானும் எடுத்துக்கொள்கிறேன். "படிப்பு நின்றது" என்று என் பக்கத்திலும் ஒரு வரி எழுதுவேன்.

#21 குளித்தலைக்காரி (கார்த்திகை, இரண்டரை மாதம் கழித்து)

கேட்டவர்களுக்காக.

முதலில் அண்ணனிடம் போகவில்லை. ஒரு புதன்கிழமை, அண்ணன் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு மண்டிக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து பஸ் ஏறிப் போனேன். அண்ணி வாழைப்பூவில் கள்ளன் எடுத்துக்கொண்டிருந்தார். வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கையில் கொஞ்சம் எண்ணெய் தடவிக்கொண்டு எதிரே உட்கார்ந்து நானும் ஒரு மடலைப் பிரித்தேன். அரைமணி நேரம் இருக்கும், பேச்சே இல்லை. அப்புறம், "அப்பாவை மூணு வருஷம் பார்த்தது நீங்கதான், நான் அதை வாய் திறந்து சொன்னதே இல்லை அண்ணி" என்றேன். "உங்க அண்ணன் சொல்லிட்டாரா என்ன" என்றார். அதோடு பூவைப் பாத்திரத்தில் போட்டு மோர்த்தண்ணீர் ஊற்ற எழுந்து போய்விட்டார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது எல்லாவற்றையும் சொன்னார். 2011-இல் அவர் வீட்டில் போட்ட கையெழுத்து. அவர்கள் அப்பாவுக்குக் காரியம் செய்ய வந்தபோதே வாங்கிவிட்டார்களாம், கண்ணில் தண்ணீர் காயாமல்.

இரண்டு வாரம் கழித்து நோட்டு. அம்மா நடுவில் உட்கார்ந்திருந்தார். முதல் பக்கத்தில் பத்திரக்காரர் ஐயா போட்ட கணக்கு. அண்ணன் அதைப் பார்த்துவிட்டு "நான் இல்லைன்னு சொல்லலையே, கேட்ட விதம்தான்" என்றார். "கூப்பிட்ட விதம்?" என்றேன். பதில் இல்லை, ஆனால் எழுந்து போகவும் இல்லை. அவர் பக்கத்தில் ஆஸ்பத்திரிச் செலவு 2,70,000, எனக்கு 98-இல் போட்ட 25 பவுன், அப்போது பவுன் மூவாயிரத்துச் சொச்சம். அந்த நகை என் கழுத்தில் இருந்தது எட்டு மாதம்தான், மீதி என் கணவரின் கடைக்குப் போய்விட்டது என்று என் பக்கத்தில் எழுதினேன். அது அண்ணனுக்குத் தெரியாது. ரொம்ப நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பாவைப் பார்த்துக்கொண்டதற்கு 36 மாதம், மாதம் 12,000 என்று நான் எழுதி அண்ணி பேரைப் போட்டேன். "அவளுக்கு எதுக்குத் தனியா, நம்ம வீட்டு ஆள்தானே" என்றார் அண்ணன். அடுப்படியில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது. அம்மாதான், இத்தனை வருஷமும் "அவனுக்கு விட்டுக்கொடுத்துடுடி" என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்த அம்மா, "எழுதட்டும்டா" என்றார்.

முடிவு இது: என் ஒரு ஏக்கரில் 65 சென்ட் என் பேருக்கு, அதை அண்ணனே குத்தகைக்கு ஓட்டுவார். மீதி 35 சென்டும் வீட்டில் என் பங்கும் அண்ணி பேருக்கு. பத்திரக்காரர் ஐயா, அதை எப்படி எழுதுவது?

#22 பத்திரக்காரர்

அம்மா, இதில் ஒரு கூத்து உண்டு. குடும்பத்துக்குள் எழுதிக்கொண்டால் முத்திரைத் தீர்வை 1 விழுக்காடு, 2023 ஜூலையிலிருந்து அதிகபட்சம் 40,000. பதிவுக் கட்டணம் 10,000-க்கு மேல் போகாது. ஆனால் யாரெல்லாம் குடும்பம் என்ற பட்டியலில் அப்பா, அம்மா, கணவன், மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், கூடப்பிறந்தவர்கள் வரைதான். அண்ணி இல்லை. நேராக அவர் பேருக்கு எழுதினால் வெளியாளுக்கு எழுதுகிற மாதிரி 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் வேறு.

ஆகவே நீங்கள் அண்ணனுக்கு விடுதலை எழுதுங்கள். அண்ணன் தன் மனைவிக்கு செட்டில்மென்ட் எழுதட்டும். இரண்டுக்கும் சலுகை கிடைக்கும். இரண்டு பத்திரத்தையும் ஒரே நாளில் அடுத்தடுத்த டோக்கனில் வைத்துக்கொள்ளுங்கள், இடையில் டீ குடிக்கக்கூடப் போகாதீர்கள். அனுபவத்தில் சொல்கிறேன்.

#23 இரண்டாம் ஷிப்ட்

மூன்று வருஷம் குளிப்பாட்டியவர் குடும்பம் இல்லையாம்!

பத்திரக்காரர் ஐயா, அக்காவின் அண்ணி போட்ட கையெழுத்தைத் திருப்ப வழி உண்டா? எனக்காகவும்தான் கேட்கிறேன்.

#24 பத்திரக்காரர்

பதிவான விடுதலை அத்தனை எளிதில் திரும்பாது. ஏமாற்றி வாங்கினார்கள் என்று நிரூபிக்க வேண்டும், தெரிந்த நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். கூடப்பிறந்தவர்களாக மனம் வைத்துக் கொடுத்தால் உண்டு. அதற்குச் சலுகையும் உண்டு.

#25 உசிலம்பட்டிக்காரன்

அண்ணன் பேசுகிறாரா அக்கா?

#26 குளித்தலைக்காரி

பத்திரங்கள் போன திங்கட்கிழமை முடிந்தன. இரண்டுக்கும் நடுவில் யாரும் டீ குடிக்கவில்லை.

பேசுகிறார். என் கணவரோடு இன்னும் இல்லை, அது வேறு கதை. பத்திரிகை கொடுக்கப் போனபோது கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார். "மாமன் பேரை இவ்ளோ பொடியாவா போடுவாங்க" என்றார். கணக்கைத் தவிர்த்து ஆறு வருஷத்தில் என்னிடம் நேராகச் சொன்ன முதல் வாக்கியம். பிரஸ்ஸில் சொல்லி இருநூறு பத்திரிகையை மட்டும் பெரிய எழுத்தில் திரும்ப அடிக்கக் கொடுத்திருக்கிறேன், 1,800 ரூபாய் தண்டம்.

கிளம்பும்போது அண்ணி வாசல்வரை வந்து, அந்த நோட்டு உன்கிட்டயா இருக்கு என்று கேட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவருடைய அண்ணன் பேரனுக்குக் காதுகுத்து, அங்கே போகிறாராம். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். எங்கள் கணக்கு எழுதிய பக்கங்களைக் கிழித்துக்கொண்டு கொடுக்கட்டுமா என்றதற்கு, வேண்டாம், அதோடேயே இருக்கட்டும் என்றார்.